நான்கு ஊக்குகள்

காலை ஐந்து மணிக்குக் கிளம்பிய அறுபத்திரண்டு சைக்கிள்களில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தது அவளுடையதுதான். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. யாராவது ஒருவர் கடைசியாகப் போய்த்தானே ஆக வேண்டும். அவளுக்கு எரிச்சலெல்லாம் முப்பது அடி பின்னால் உறுமிக்கொண்டே வந்த வெள்ளை வேனைப் பற்றித்தான்.

அந்த வேனுக்குச் சங்கத்தில் 'துடைப்பம்' என்று பெயர். இருநூறு கிலோமீட்டர், மூன்று மலையேற்றம், பதினான்கு மணி நேரம். முடியாதவர்களை வழியெல்லாம் பெருக்கி அள்ளிக்கொண்டு வருவது அதன் வேலை. ஒன்பது வருஷமாக அதை ஓட்டுகிறவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி. ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவளேதான். வேலியை ஒருவன் தாண்டுவதற்கு ஏணி பிடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு அதே ஏணியால் அடி வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு. அவள் அந்த ஜாதி.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். பயிற்சிக் காரில் அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் லாரிக்கு அடியில் போய்ச் சொருகப் பார்க்கும்போதெல்லாம் அவள் கால்தான் காப்பாற்றும். ஊருக்குள் பாதிப் பேர் அவளுக்கு மாணவர்கள். மீதிப் பேர் தேர்வில் தோற்றுவிட்டு மறுபடி அவளிடமே வந்தவர்கள். முகத்துக்கு நேரே 'டீச்சர்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'பிரேக் அக்கா'. அவளுக்கு இரண்டுமே தெரியும்.

சங்கத்தின் விதிகள் ஒரு அட்டையின் பின்புறத்துக்குள் அடங்கிவிடும். வழியில் மூன்று சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். மாலை ஏழு மணிக்குள் முடிவுக் கோட்டுக்கு வர வேண்டும். வெளியிலிருந்து உதவி வாங்கக் கூடாது. வேன் ஓட்டுகிறவர் ஒருவரிடம் "ஏறிக்கிறீங்களா?" என்று ஒரு நாளைக்கு மூன்று முறைதான் கேட்கலாம், நாலாவது முறை கேட்டால் அது தொல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: சட்டையில் நான்கு ஊக்கு போட்டுக் குத்தியிருக்கும் எண் சீட்டை, விலகுகிறவர் தன் கையாலேயே கழற்றிக் கொடுக்க வேண்டும். சங்கத்தை ஆரம்பித்தவர் ஒரு தபால்காரராம். ஒருவருக்காக இன்னொருவர் தோற்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனாராம். அந்தப் புண்ணியவானை அவள் பார்த்ததில்லை, ஆனால் போன வருஷத்திலிருந்து தினமும் நினைத்துக்கொள்கிறாள்.

போன வருஷம் நடந்தது இதுதான். முடிவுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது அவளுக்கு வயிறு புரட்டியது. சாலையோரம் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, அப்படியே புல்லில் சாய்ந்துவிட்டாள். கண் விழித்தபோது வேனுக்குள் கிடந்தாள். மேலே கம்பளி. சட்டையில் எண் இல்லை. மணி ஐந்தரை. இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது, பத்து நிமிஷம் விட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள். எண்ணைக் கழற்றியது தம்பி. சங்கத்துப் பேரேட்டில் அவள் பெயருக்கு நேரே ஏறியது: 'தானே விலகினார்.'

இரண்டு முறை அப்படி எழுதப்பட்டால் மூன்றாவது முறை இடமில்லை. அதுவும் விதிதான். இன்றைக்கு முடிக்காவிட்டால் இனி எந்த வருஷமும் அவளுக்கு இந்த மலை இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஓட்ட முடியாதவள் தம்பி தலையில் பழி போடுகிறாள் என்பார்கள். அவனுக்கும் வேன் போய்விடும். ஆகவே ஒரு வருஷமாக அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் விடியலில் எழுந்து மிதித்தாள். அவள் கணவர் அதிகம் பேசாத மனிதர். இன்று காலையில் இரண்டு டயருக்கும் காற்றடித்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு சொல்லுக்காக அவள் அவரை மறுபடி கல்யாணம் செய்துகொள்ளத் தயாராக இருந்தாள்.

முதல் மலை சாதுவாகத்தான் போனது. முதல் முத்திரை, இரண்டாவது முத்திரை, எல்லாம் நேரத்துக்கு முன்னால். இரண்டாவது மலையில்தான் வினை ஆரம்பித்தது. பைன் மரங்களுக்கு நடுவே சாலை சுற்றிச் சுற்றி ஏறியது. வெயில் தார் மீது நின்றுகொண்டு நகர மறுத்தது. நூற்றெட்டாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் வலது கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. இறங்கி, சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை நீட்டி உதறினாள். வலியில் கண்ணீர் தானாக வந்தது. அதைத் துடைக்கவில்லை, துடைத்தால் வேனில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

வேன் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அக்கா."

"என்ன?"

"ஏறிக்கிறியா?"

"இது ஒண்ணு" என்றாள். "இன்னும் ரெண்டு பாக்கி வெச்சிருக்க. பாத்துச் செலவு பண்ணு."

பின் இருக்கையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பேக்கரிக்காரர். முதல் மலையின் பாதியிலேயே எண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் கடை பிஸ்கட் பொட்டலம் ஒன்றை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு வேனில் சொகுசாக வந்துகொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் கார் பழகியவர்.

"டீச்சர், உள்ள நல்லா காத்து வருது டீச்சர்."

"நீங்க முதல்ல கண்ணாடி பாத்து ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கங்க, அப்புறம் எனக்கு வழி சொல்லலாம்."

பேக்கரிக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தம்பி சிரிக்கவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அப்பா ஐம்பத்து மூன்று வயதில் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காமலே போய்விட்டார். அப்போது அவருக்குத் தண்ணீர் எடுக்க ஓடியவன் இவன். டம்ளரோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டாலே இவன் டம்ளரில் தண்ணீரோடு வந்து நிற்பான். பாசம்தான், இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசம் அவள் சட்டையில் கை வைத்துவிட்டதே. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

உப்பு போட்ட தண்ணீரைக் குடித்தாள். ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள்.

அதற்குப் பிறகு உச்சி வரைக்கும் இருபத்தேழு கிலோமீட்டர். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலை ஏறுவது என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. வீட்டுவேலை செய்து பழகியவளுக்கு அது புதிதல்ல. ஒவ்வொரு வளைவிலும் 'இதுதான் கடைசி' என்று மனசு பொய் சொன்னது. ஒவ்வொரு வளைவிலும் அவள் அதை நம்பாமல் மிதித்தாள். இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. உள்ளங்கை மரத்துப் போனது. ஒரு இடத்தில் சத்தமாகத் திட்டினாள், மலையையும், தபால்காரரையும், சைக்கிளைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்து. திட்டினால் கொஞ்சம் வேகம் கூடுவதைக் கவனித்து மேலும் திட்டினாள்.

மணி ஒன்று ஐம்பதுக்கு உச்சியில் இருந்தாள்.

நம்ப முடியாமல் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் மிச்சம். மூன்றாவது மலை, மலைகூட இல்லை, இரண்டு மேடு. முடித்துவிடலாம். ஏழு மணிக்கு என்ன, ஆறு மணிக்கே போய் நிற்கலாம். சங்கச் செயலாளர் மூக்கின் மேல் விரலை வைப்பார். பேரேட்டில் 'முடித்தார்' என்று எழுதுவார். போன வருஷத்து வரி அப்படியே இருக்கட்டும், அதற்குக் கீழே இந்த வரி நிற்கட்டும்.

இந்த நினைப்போடு அவள் இறக்கத்தில் சைக்கிளை விட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர்களின் வேகத்துக்கெல்லாம் பிரேக் போட்ட கால் அது. கனவில்கூட அவளுக்குப் பிரேக் போடும் பழக்கம் உண்டு, கணவரின் கணுக்காலைக் கேட்டால் சொல்லும். அப்படிப்பட்டவள் அன்றைக்கு இரண்டு கையையும் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டாள். சாலை காலியாக, அகலமாக, நேராகக் கீழே ஓடியது. காற்று காதில் அறைந்தது. வாயைத் திறந்து கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சின்னப் பெண் மாதிரி சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான்.

ஒன்பது கிலோமீட்டர் கீழே, ஆற்றுப் பாலத்தில் போய் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. வேனும் வந்து நின்றது. தம்பி இறங்கினான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, மூணாவது முத்திரை வாங்கல நீ."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மூன்றாவது சாவடி உச்சியில் இல்லை. உச்சி தாண்டி நாலு கிலோமீட்டர் இறக்கத்தில், வளைவில், சாலைப் பணியாளர் கொட்டகையில். அது அவளுக்குத் தெரியும். தாளில் படித்திருக்கிறாள், மனப்பாடமாகச் சொல்வாள். இறங்குகிற சந்தோஷத்தில் அதன் பக்கத்திலேயே பறந்து வந்திருக்கிறாள். எத்தனையோ பேரைத் தேர்வுக்குத் தயார் பண்ணிய டீச்சர், தானே சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து நின்ற மாதிரி இருந்தது.

"நான் தாண்டிப் போனத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"ஹாரன் அடிச்சிருக்கலாமே?"

"ஹாரன் அடிச்சா அது உதவி ஆயிடும்கா. விதி."

அவ்வளவுதான். ஒரு வருஷமாக மூடி வைத்திருந்த பாத்திரம் பொங்கியது.

"விதியா? நீ விதி பேசுறியா என்கிட்ட? போன வருஷம் எங்கடா போச்சு உன் விதி? புல்லுல கிடந்தவ சட்டையிலேர்ந்து நம்பரக் கழட்டினப்போ அந்த அட்டைய எங்க வெச்சிருந்த?"

வேனுக்குள் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

தம்பி தரையைப் பார்த்தான். "நீ செத்துட்டன்னு நெனச்சேன்."

"சாகலையே!"

"அப்பாவும் அப்படித்தான் உக்காந்திருந்தாரு."

ஆறு மட்டும் கீழே இரைந்துகொண்டிருந்தது. கோபம் குறையவில்லை, ஆனால் அதன் கூடவே அவனுக்காக வருத்தமும் வந்து சேர்ந்தது, அதுதான் பெரிய தொந்தரவு. கோபத்தை மட்டும் தனியாக அனுபவிக்கக்கூட விடாத உறவு.

அவன் மெதுவாகக் கேட்டான். "மறுபடி அஞ்சு கிலோமீட்டர் ஏறணும். இருக்கறதுலயே அதுதான் செங்குத்து. கொட்டகைய மூணு மணிக்குப் பூட்டிடுவாங்க. ஏறிக்கோக்கா. ஏறிக்கிறியா?"

"இது ரெண்டு" என்றாள். சைக்கிளைத் திருப்பினாள்.

வந்த வழியே ஏறுவது போல அவமானம் வேறில்லை. சிரித்துக்கொண்டு இறங்கிய ஒவ்வொரு வளைவும் இப்போது எதிரே வந்து நின்று, ஏன் திரும்பி வந்தாய் என்று அவளைக் கேட்டது. தப்பு அவளுடையது. பயிற்சிக் கார்களில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், தப்பாகத் திரும்பிவிட்டால் அழக் கூடாது, பதறக் கூடாது, வண்டியைத் திருப்பி வந்த வழியே போக வேண்டும் என்று. இப்போது அவளே மாணவி, அவளே டீச்சர். அழவில்லை, பதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

வேனும் திரும்பித்தான் ஆக வேண்டும், கடைசி ஆளுக்குப் பின்னால் வர வேண்டும் என்பதால். சைக்கிள் ஏறுகிற வேகத்தில் அந்தச் செங்குத்தில் வேன் ஓட்டுவது லேசு இல்லை. கால் மணி நேரத்தில் காற்றோடு ஒரு வாடை வந்தது. கருகின வாடை. அது என்ன என்று அவள் மூக்குக்குத் தெரியாதா.

"டேய்!" திரும்பாமலே கத்தினாள். "கிளட்ச்ச அரையில பிடிச்சுக்கிட்டு வராதடா! நின்னு, நான் கொஞ்சம் முன்னாடி போனதும் எடுத்துட்டு வா! எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்!"

வேன் நின்றது. பேக்கரிக்காரர் ஜன்னல் வழியே முக்கால் உடம்பை வெளியே நீட்டினார்.

"டீச்சர், நீங்க பேசினா மூச்சு வாங்கும் டீச்சர்! நான் அவருகிட்ட சொல்றேன்!"

"நீங்களும் அப்படித்தான் எரிச்சீங்க! ரெண்டு கிளட்ச்!"

பேசினால் மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு கிலோமீட்டர் கடந்துவிட்டதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்குக் கொட்டகை வந்தது. சாலை வேலைக்காரர்களின் மேஸ்திரி அம்மா, ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டவர், முத்திரையையும் மைத்திண்டையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். வாசலில் தார் வாளிகளும் மண்வெட்டிகளும் வரிசையாக இருந்தன.

"நீ போறதப் பாத்தேன். கத்தினேன், கையக்கூட ஆட்டினேன். நீ என்னைப் பாத்து நீயும் கையாட்டிட்டுப் போய்ட்ட."

"ஆட்டினேனா?"

"சிரிச்சுக்கிட்டே ஆட்டின." மேஸ்திரி அம்மா டப்பாவைத் திறந்தார். மை காய்ந்திருந்தது. முத்திரையின் மேல் வாயால் ஊதி ஈரம் பண்ணி, அட்டையில் வைத்து, எழுந்து நின்று இரண்டு கையாலும் அழுத்தினார். மங்கலாக விழுந்தது, ஆனால் விழுந்தது.

"இதுக்காகத் திரும்பி ஏறி வந்தியா?"

"ஆமா."

"உனக்குப் பைத்தியம்" என்று மேஸ்திரி அம்மா சொன்னார். அவளுக்கு அது அன்றைக்குக் கேட்ட மிக நல்ல வார்த்தையாக இருந்தது.

இந்த முறை பிரேக் போட்டுக்கொண்டே இறங்கினாள்.

பாலத்துக்கு மறுபடி வந்தபோது மணி மூன்று ஐந்து. ஐம்பத்தாறு கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சமதளமாக இருந்தால் தாராளம். ஆனால் காற்று திரும்பியிருந்தது. பள்ளத்தாக்கு முழுக்க எதிர்க்காற்று. மிதிக்காவிட்டால் சைக்கிள் இறக்கத்தில்கூட நின்றது. முதல் மேட்டில் கெண்டைக்கால் மறுபடி இழுத்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள், நடந்துகொண்டே திட்டினாள், ஏறினாள். போன வருஷம் புல்லில் சாய்ந்த இடம் வந்தது. அங்கே நிற்கவில்லை. அதைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனாள். நாகரிகம் பார்க்கிற நேரம் இல்லை அது.

இரண்டாவது மேட்டின் உச்சியில் மணி ஆறு முப்பத்தைந்து. இன்னும் ஒன்பது கிலோமீட்டர். அவள் கால் இருந்த நிலையில், இந்தக் காற்றில், இருபத்தைந்து நிமிஷத்துக்குள் அது நடக்காது. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வேனில் இருப்பவனுக்கும் தெரியும்.

வேன் பக்கத்தில் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா. நேரம் முடிஞ்சுரும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு? எப்படியும் விலகினதாத்தான் எழுதுவாங்க. காலு வீங்கியிருக்கு பாரு. ஏறிக்கிறியா?"

அவன் வற்புறுத்தவில்லை, கெஞ்சினான். ஏறிவிடலாம் என்று அவள் உடம்பில் இருந்த எல்லா எலும்பும் சொன்னது. உள்ளே இருக்கை மெத்தென்று இருக்கும். பேக்கரிக்காரர் பிஸ்கட் கொடுப்பார். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"மூணு" என்றாள். "முடிஞ்சுது உன் கோட்டா. இனி வாயத் திறக்காம பின்னாடி வா."

இருட்டத் தொடங்கியது. தம்பி விளக்கைப் போட்டான். அவளுக்கு முன்னால் சாலை வெள்ளையாகத் தெரிந்தது.

"விளக்கப் போடற! அது உதவி ஆயிடாதா?" என்று கத்தினாள்.

"வண்டிக்கு விளக்குப் போடணும்கறது போக்குவரத்துச் சட்டம்! நீதான் சொல்லிக் குடுத்த!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மிதித்தாள்.

முடிவுக் கோடு ஒரு விளையாட்டு மைதானத்தின் வாசலில் இருந்தது. பக்கத்தில் நீளமான ஒரு அறை. அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், சைக்கிள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். பாதியில் நிறுத்திவிட்டார்கள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து.

சங்கச் செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மருந்துச் சீட்டுகளை எழுதுகிற டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் படித்து, பழிக்குப் பழியாகத் தன் கையெழுத்தை அச்சு மாதிரி வைத்துக்கொண்டவர். மேஜையில் பேரேடு திறந்திருந்தது.

"ஏழு ஒன்பது" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். "ஒன்பது நிமிஷம். நம்பரக் குடுத்துடுங்க டீச்சர்."

அவள் அட்டையை மேஜையில் வைத்தாள். மூன்று முத்திரைகள், மூன்றாவது மங்கலாக. எண்ணைத் தொடவில்லை.

"என்னன்னு எழுதப் போறீங்க?"

"'தானே விலகினார்'னுதான். வேற கட்டம் இல்ல."

"நான் விலகலையே. வந்திருக்கேன். உங்க எதிர்லதான் நிக்கறேன்."

"நேரத்துக்கு வராதவங்கள அப்படித்தான் எழுதறது. இருபத்தேழு வருஷமா."

"தானே விலகறதுன்னா தன் கையால கழட்டிக் குடுக்கணும். அதும் உங்க விதிதானே? நான் கழட்டல."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படியே வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

"போவேன். இதோட தூங்குவேன். நாளைக்கு இதப் போட்டுக்கிட்டே கிளாஸ் எடுப்பேன்."

"செய்வாங்க" என்றார் வாசலில் நின்ற பேக்கரிக்காரர். "என்னை ஒரே சந்துல பதினேழு தடவ ரிவர்ஸ் எடுக்க வெச்சவங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. செயலாளர் சிரிக்கவில்லை. "டீச்சர், எனக்குப் புரியுது. ஆனா ரெண்டாவது தடவ இது. விதி என் கையில இல்ல. நீங்களா குடுத்துட்டா மரியாதையா இருக்கும்."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தம்பி பக்கம் திரும்பவும் இல்லை. அவன் வேன் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பது அவளுக்குத் தெரியும். ஒரு வருஷம் காத்திருந்தாயிற்று. இன்னும் கொஞ்சம் நிற்கலாம்.

"ரெண்டாவது தடவ இல்ல" என்று தம்பியின் குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"போன வருஷம் அவ கழட்டல. மயக்கமா இருந்தா. நான் கழட்டினேன். நான்தான் உங்ககிட்ட அவளே குடுத்தான்னு சொன்னேன்."

யாருடைய முழங்காலிலிருந்தோ ஐஸ் பை நழுவித் தரையில் விழுந்தது.

செயலாளர் அவளைப் பார்த்தார். "நிஜமா? இத ஏன் நீங்க அப்பவே சொல்லல?"

"அவன்தான் சொல்லணும்" என்றாள். "கழட்டினது அவன் கை."

செயலாளர் பேரேட்டில் ஒரு தாளைப் பின்னால் புரட்டினார். ஸ்கேலை வைத்து, போன வருஷத்து வரியைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்து, தம்பியை நோக்கிக் கையை நீட்டினார். தம்பி முன்னால் வந்து வேன் சாவியை அந்தக் கையில் வைத்தான். ஒன்பது வருஷத்துச் சாவி. அவளுக்கு வேண்டாம், அவனிடமே இருக்கட்டும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவன் தலை நிமிர்ந்து நின்றான். அதைக் கெடுக்க அவளுக்கு மனசில்லை.

"அப்போ இந்த வருஷம்?" என்று செயலாளர் கேட்டார்.

"இந்த வருஷம் என் தப்பு. சாவடியப் பாக்காம தாண்டிப் போனேன். ஒன்பது நிமிஷமும் எனக்கே சொந்தம், யாருக்கும் பங்கு கிடையாது. எழுதிக்குங்க. அடுத்த வருஷத்துக்கும் இப்பவே பேர எழுதிக்குங்க."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். விரல்கள் மரத்திருந்தன. முதல் ஊக்கு திறக்க நேரமானது. இரண்டாவது விரலைக் குத்தியது. யாரோ உதவிக்கு எழுந்தார்கள். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று. நான்கு. எண்ணை நாலாக மடிக்காமல், கசக்காமல், பேரேட்டின் மேல் நேராக வைத்தாள். நான்கு ஊக்குகளையும் அதன் மேல் வரிசையாக வைத்தாள்.

பிறகுதான் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண் நிறைந்திருந்தது.

"பாத்துக்கிட்டியாடா?" என்றாள். "இப்படித்தான் கழட்டணும்."